பதில்: போலந்துக்காரர்கள் முரடர்கள்தானா?

வணக்கம். போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் மாடி வீட்டு அம்மா முகம் கொடுக்கவில்லை, போலந்துக்காரர்களை மக்கு என்று கேலி செய்யும் அமெரிக்க ஜோக் ஒன்றைச் சொன்னதும் அலுவலக நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் மூன்று வருடமாகப் போலந்தில் இருக்கிறேன். இதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அம்மாவிடம் 'செஷ்ச்' என்றீர்களாமே, அது நண்பர்களுக்குள் சொல்லும் வணக்கம். பெரியவரை 'டேய்' என்று கூப்பிட்ட அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் உறுத்தும். மரியாதையான வணக்கமான 'ஜென் தோப்ரி' என்று சொல்லுங்கள். நம் 'நீங்கள்' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஆணுக்குப் 'பான்', பெண்ணுக்குப் 'பானி'. வினை படர்க்கையில் வரும். 'அம்மா நலமா இருக்கிறாரா?' என்று அவரிடமே கேட்பது போல. 'நீ' என்று பேசலாம் என்பதை வழக்கமாக மூத்தவர்தான் முதலில் சொல்வார். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கமும் அங்கே குறைவு.

ஜோக் விஷயம் வேறு. போலந்துக்காரர் என்றால் மக்கு என்பது அமெரிக்காவில் குடியேறிய தொழிலாளர்களைக் கேலி செய்யக் கிளம்பிய பேச்சு. அவர்கள் வரலாறு தெரிந்தால் அது ஏன் வலிக்கிறது என்று புரியும். 1795இலிருந்து 1918 வரை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு, போலந்து வரைபடத்திலேயே இல்லை. நடுவில், 1898இல், வார்சாவில் பிறந்த விஞ்ஞானி மரியா ஸ்க்வதோவ்ஸ்கா கியூரி (நமக்கு மேரி கியூரி), தான் கணவரோடு கண்டுபிடித்த தனிமத்துக்கு இல்லாத அந்த நாட்டின் பெயரையே வைத்தார்: பொலோனியம். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும். உங்கள் நண்பருக்கு வலித்ததில் நியாயம் இருக்கிறது.

நாளைக்கே போய் 'ப்ஷெப்ராஷம்' சொல்லிவிடுங்கள். மன்னிப்புக்கு அதுதான் சொல். விளக்கமெல்லாம் அப்புறம்.