வெள்ளி எண்ணுற படிப்பு சோறு போடுமோ?

போன கிழமை பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு தகப்பன் வந்து இருந்தார். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறவர். மகளின் உயர்தரப் பாடத் தெரிவுப் படிவத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதற் கட்டத்தில் இணைந்த கணிதம், இரண்டாவதில் பௌதிகவியல். மூன்றாவது வெறுமை.

"மிஸ், பிள்ளை ஓ.எல்லில எட்டு ஏ எடுத்தவள். ரீச்சர் ஆகலாம், பேங்குக்குப் போகலாம். இவள் என்னடாவெண்டால் வானத்தில இருக்கிற வெள்ளிக் கூட்டங்களை ஆராயப்போறாளாம். வெள்ளி எண்ணுற படிப்பு சோறு போடுமோ?"

அரைவாசி சொல்வதற்குள் அவருக்கு ஒட்டுசுட்டான் பஸ் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்திருக்கிற வேறு தாய் தகப்பனுக்கும் உதவட்டும்.

அண்ணை, முதலில் பிள்ளை என்ன கேட்கிறாள் என்று பார்ப்போம். அவள் சொல்கிற வெள்ளிக் கூட்டத்துக்குப் புத்தகத்தில் விண்மீன் கொத்து என்று பெயர். யானைக் காவலுக்குப் படுக்கிற கொட்டிலில் இருந்து தை, மாசியில் நீங்களே பார்த்திருப்பீர்கள், கார்த்திகைக் கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறோ ஏழோ தெரியும். உண்மையில் அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிகள் உண்டு. தூரம் ஏறத்தாழ 440 ஒளியாண்டு; ஒளி ஒரு வருடத்தில் ஓடுகிற தூரம்தான் ஒரு ஒளியாண்டு.

ஒரு கொத்தில் உள்ள வெள்ளிகள் எல்லாம் விண்வெளியில் ஒரே வாயு முகிலில் இருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. ஊரில் பத்து வயல், பத்து இனம், பத்து நாளில் விதைத்தது என்றால் எது ஏன் முந்தி விளைந்தது என்று சொல்ல ஏலாது. ஒரே நெல்லை ஒரே நாளில் விதைத்த வயலில் சொல்லலாம். விண்மீன் கொத்து அப்படி ஒரே நாளில் விதைத்த வயல். வித்தியாசம் வெள்ளியின் பாரத்தில் மட்டும். பாரமான வெள்ளி தன் எரிபொருளை அவதியாக எரித்து முதலில் முடிந்துபோகும். சின்னது ஆறுதலாக எரியும். ஆகவே ஒரு கொத்தில் எந்தப் பாரம் வரை முடிந்துபோயிற்று என்று பார்த்தால் அந்தக் கொத்தின் வயது வந்துவிடும். கார்த்திகைக்கு ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. பந்து போல நெருங்கித் திரண்ட கோளக் கொத்துகள் என்று வேறொரு வகை உண்டு, அவற்றில் பலவற்றுக்கு 1200 கோடி ஆண்டளவில் வயது. எங்கள் சூரியனும் இருக்கிற பெரிய வெள்ளித் திரளான பால்வீதியைச் சுற்றி இவை நூற்றைம்பது அளவில் இருக்கின்றன. சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரத்தை நோக்கிய ஒரு மூலையில்தான் என்று 1918 இல் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி கண்டுபிடித்ததே இந்தக் கோளக் கொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்துதான்.

இன்னொன்று. கார்த்திகை போன்ற, நெருக்கம் குறைந்த திறந்த கொத்துகள் எப்போதும் சேர்ந்திருப்பதில்லை. காலம் போகப் போக வெள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பால்வீதி முழுக்கச் சிதறிவிடும். எங்கள் சூரியனும் 460 கோடி ஆண்டுக்கு முன் ஏதோவொரு கொத்தில் பிறந்து பிரிந்து வந்தது என்றே கருதுகிறார்கள். அதன் கூடப்பிறந்ததுகளை இரசாயனக் கூறுகளை வைத்துத் தேடுகிற ஆராய்ச்சியும் நடக்கிறது. இடம்பெயர்ந்து சிதறின குடும்பத்தைத் தேடுவது என்றால் என்ன என்று வன்னியில் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஆராய்ச்சியாளர் இரவிரவாகத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பார் என்று நினைக்கிறீர்கள். இப்போது பெரும்பாலான நாள் கணினிக்கு முன்னால்தான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 மார்கழியில் அனுப்பிய காயா என்ற விண்கலம் 2025 தை வரை வெள்ளிகளை அளந்தது. 2022 இல் வெளியிட்ட அதன் பட்டியலில் 180 கோடிக்கு மேற்பட்டவை உண்டு. யாரும் காசில்லாமல் எடுக்கலாம், மாங்குளத்தில் இருந்தும் எடுக்கலாம். கார்த்திகை இருக்கிற திசையில் தெரிகிற வெள்ளியெல்லாம் அதன் கூட்டமில்லை. முன்னாலும் பின்னாலும் எத்தனையோ நிற்கும். எது சொந்தம், எது வழிப்போக்கன் என்று எப்படிப் பிரிப்பது? வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சனம் கலைகிறபோது ஒரே ஊரில் இருந்து ஒரே ட்ரக்டரில் வந்தவர்கள் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். அதுபோல, ஒரே வேகத்தில் ஒரே திசைக்கு நகருகிற வெள்ளிகளைக் கணக்குப் போட்டுப் பொறுக்குவார்கள். இதற்கு வேண்டியது புள்ளிவிபரவியல், பைதன் போன்ற ஒரு கணினி மொழி, பௌதிகம். வெள்ளி எண்ணுற வேலை என்று நீங்கள் பகிடியாகச் சொன்னீர்கள். உண்மையில் எண்ணுகிறதுதான், ஆனால் அந்த எண்ணிக்கையைச் செய்யத் தெரிந்தவரை வங்கியும் காப்புறுதிக் கொம்பனியும் மென்பொருள் நிறுவனமும் தேடுகின்றன.

பாதை நீளம். அதை மறைக்க மாட்டேன். உயர்தரம் முடிய பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற இசட் புள்ளி வந்து கம்பஸ் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பட்டம் நாலு வருடம். மூன்று வருடப் பொதுப் பட்டம் ஆராய்ச்சிக்குக் காணாது, சிறப்புப் பட்டம் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பேராதனையிலோ பௌதிகவியல் செய்யலாம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில், பம்பைமடுவில், பிரயோக கணிதமும் கணிப்பீடும் உண்டு. பிறகு கலாநிதிப் பட்டம், வெளிநாட்டில் என்றால் நாலு முதல் ஆறு வருடம். அதற்குப் பிறகும் நிரந்தர வேலை இல்லை. இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் நாடு நாடாகப் போகிற காலம் ஒன்று இருக்கிறது. நிலையான இடம் கிடைக்கும்போது முப்பத்தைந்து தாண்டலாம். கலாநிதி முடித்தவர்களில் பெரும் பங்கினர் கடைசியில் வானியல் ஆராய்ச்சியாளராக இருப்பதில்லை. இதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கோ.

காசு விஷயத்தில்தான் உங்கள் பயம் பிழையான இடத்தில் நிற்கிறது. காணி விற்க வேண்டி வருமோ என்று கேட்டீர்கள். எங்கள் அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் பௌதிகம், வானியலில் கலாநிதிக்கு எடுத்தால் வழக்கமாகக் கட்டணத்தைத் தள்ளி, படிப்பிக்கிற அல்லது ஆராய்ச்சி உதவி வேலைக்கு மாதாமாதம் காசும் தருவார்கள். இந்தியாவில் படிக்க இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் உண்டு. செலவு வருவது பரீட்சை, விண்ணப்பம், விசா, முதல் விமான ரிக்கெற். இந்தப் படிப்புக்கு அனுப்புகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்சி வாசலை மிதிக்க வேண்டாம். உதவித்தொகையோடு கூப்பிடுகிற இடத்துக்கு இடைத்தரகர் எதற்கு?

நீங்கள் கொடுக்கப்போவது காசில்லை, காலம். அதையும் ஒரேயடியாகக் கொடுக்கத் தேவையில்லை. ஏ.எல். முடிய ஒரு சந்தி, பட்டம் முடிய ஒரு சந்தி. முதல் சந்தியில் பெறுபேறு நன்றாக வந்து மனமும் மாறினால் பொறியியல் இருக்கிறது; கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே பீடம் இருக்கிறது. இரண்டாவதில் நிற்க நினைத்தால் கணித, பௌதிக ஆசிரியர் நியமனம் இருக்கிறது. வன்னிப் பள்ளிக்கூடங்களில் அந்த இரண்டு பாடத்துக்கும் ஆளில்லாமல் அதிபர்மார் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். நல்ல வகுப்பில் சித்தியடைந்தால் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராகச் சேர்ந்து, சம்பளத்தோடு கல்வி விடுப்பில் கலாநிதிக்குப் போய்வருகிற வழியும் இருக்கிறது. திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். வன்னியை விட்டுப் பிள்ளை ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று பயப்படுகிற தாய்க்கு அந்தக் கையெழுத்தே நல்ல செய்தி.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெடியன் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று வந்தான். அதெல்லாம் எங்களுக்குச் சரிவராது என்று கணக்கியலுக்குத் திருப்பிவிட்டேன். இப்போது அவனுக்கு நல்ல உத்தியோகம், குறை ஒன்றுமில்லை. போன வருடம் சந்தையில் கண்டு கதைத்தபோது சிரித்துக்கொண்டே கேட்டான், "மிஸ், அப்ப அந்தப் படிப்பு எங்க இருக்கெண்டு தேடிப் பாத்தனீங்களோ?" தேடவில்லை. அன்றைக்குப் பிறகு தேடாமல் ஒருவருக்கும் மறுமொழி சொல்வதில்லை.

"பொம்பிளைப் பிள்ளை, முப்பத்தைந்து வயது மட்டும்..." என்று நீங்கள் இழுத்ததும் காதில் விழுந்தது. கலியாணம் கட்டிக்கொண்டும் கலாநிதி செய்கிறார்கள், பிள்ளை பெற்றுக்கொண்டும் செய்கிறார்கள். கஷ்டம்தான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் ஏ.எல். பாடத்தைத் தீர்மானிக்க அந்தக் கணக்கு இன்றைக்கு வேண்டாமே.

இன்றைக்கு வேண்டியது இரண்டு. ஒன்று இணைந்த கணிதம். இதில் தடக்கி விழுந்தால் வானியலும் இல்லை, பொறியியலும் இல்லை. ரியூசனுக்குக் கொடுக்கிற காசை முதலில் இதற்குக் கொடுங்கோ. மற்றது இங்கிலிஷ். கம்பஸில் விஞ்ஞானப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவது பாடத்தில் இல்லை, மொழியில்.

அவள் ஆசை எவ்வளவு உறுதி என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். வைகாசி முடிவில், சோளகம் அடிக்கிற காலத்தில், இரவு ஒன்பது மணிபோல நேர் தெற்கே பார்க்கச் சொல்லுங்கோ. சிலுவை போல நிற்கிற நாலு வெள்ளி, தென்சிலுவை, தெரியும். அதற்கு இடப்பக்கம் மேலே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், மங்கலான பஞ்சுப் பொட்டு ஒன்று நிற்கும். ஒமேகா சென்ரோறி. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவு வெள்ளிகள் சேர்ந்த கொத்து. யாரிடமாவது பைனாகுலர் இரவல் வாங்கினால் இன்னும் வடிவாய்த் தெரியும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உங்கள் சொந்தக்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உங்கள் வயல் வரம்பில் நின்றால் தெரியும். கண்டதைத் திகதி, நேரம் போட்டுக் கொப்பியில் எழுதட்டும். இரண்டு மாதம் விடாமல் எழுதினாள் என்றால் இது தொலைக்காட்சி பார்த்து வந்த ஆசை இல்லை.

காரைநகரில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த அலன் ஏபிரகாம் 1910 இல் ஹேலி வால்வெள்ளியின் போக்கைக் கணித்தவர். அப்போது இணையமும் இல்லை, காயாவும் இல்லை.

படிவத்துக்கு வருகிறேன். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் விட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். தகவல் தொழில்நுட்பம் எடுத்தாலும் பௌதிக விஞ்ஞானத்துக்குப் போகலாம், கணினியில் கை பழகும். ஆனால் பொறியியல் கதவு சாத்திக்கொள்ளும். கணினியைப் பிறகும் பழகலாம். இரசாயனவியல் என்று எழுதச் சொல்லுங்கோ. திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, காலமை பஸ்சில் வந்தால் ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.