கோப்புக்குக் கதவு, பேச்சுக்குத் திண்ணை

வணக்கம். டெலிகிராமில் பழைய தமிழ் நூல்களின் பிடிஎஃப் பகிரும் குழுமம் ஒன்றுக்கு நான் நிர்வாகி. ஆறாயிரம் பேர் இருக்கிறோம். யார் எதை ஏற்றினாலும் விட்டுவிடுவதுதான் வழக்கம். போன மாதம் ஒரு கோப்பைத் திறந்த இருவரின் போன் முடங்கிப்போனது. மட்டுறுத்தலாம், அதாவது வருவதைப் பார்த்து வேண்டாததைத் தடுக்கலாம் என்றால் பாதிப்பேர் கருத்துச் சுதந்திரம் போய்விடும் என்கிறார்கள். கைவைத்தால்தான் சட்டப்பொறுப்பு நம் தலையில் விழும் என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மட்டுறுத்தத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. தவறான கருத்து வந்தால் அடுத்தவர் மறுத்து எழுதிவிடுவார். தவறான கோப்பு, மறுப்பு வருவதற்குள் நூறு போன்களில் இறங்கிவிடும். பிறகு நீங்கள் நீக்கினாலும் இறக்கியவர் போனிலிருந்து போகாது. ஆகவே கோப்பை வெளியிடும் முன்பே பாருங்கள், பேச்சை விட்டுவிடுங்கள்.

கோப்புகளுக்குத் தனிச் சேனல் தொடங்குங்கள். அதில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும். சேனல் அமைப்பிலுள்ள 'டிஸ்கஷன்' வழியாக இப்போதைய குழுமத்தை அதோடு இணைத்தால், ஒவ்வொரு நூலுக்கும் கீழே உரையாடல் நடக்கும். குழுமத்தின் பெர்மிஷன்ஸில் கோப்பு அனுப்புவதை மட்டும் அணைத்துவிடுங்கள். அணைத்ததும் அதே கோப்புகள் கூகுள் டிரைவ் சுட்டிகளாக வரத் தொடங்கும். சுட்டிகளை நிறுத்திவைக்கும் பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்றையும் அன்றே சேர்த்துவிடுங்கள்.

உறுப்பினர் நிர்வாகிக்குத் தனியே அனுப்பிய கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது பெயரின் வால். 'பிடிஎஃப்' என்று தெரியும். அதற்கும் பின்னால் 'ஏபிகே' (போன் செயலி) அல்லது 'இஎக்ஸ்இ' (கணினி நிரல்) ஒட்டியிருக்கும். விண்டோஸ் இந்தப் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துவிடுவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடவுச்சொல் போட்ட ஜிப் வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். வைரஸ் சோதனை அதற்குள் நுழைந்து பார்க்க முடியாது.

அடுத்தது பதிப்புரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல். இந்தக் கணக்குப்படி அவர் கதைகளின் உரிமை 2008 முடிவோடு தீரும்; அதற்கு முன்பே, 2002-இல், தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. ஆனால் பின்னாளில் ஒரு பதிப்பாசிரியர் சேர்த்த முன்னுரையும் குறிப்புகளும் அந்தப் பதிப்பாசிரியருடையவை. குழுமங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மொழிபெயர்ப்பும் அப்படியே: மூல ஆசிரியர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்தாலும் மொழிபெயர்த்தவருக்குத் தனிக்கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அத்தகைய நூல்கள் ஏராளமாக உள்ளன.

சட்டப்பொறுப்பு பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. உறுப்பினர் போட்ட ஆட்சேபகரமான செய்திக்கு, நிர்வாகி என்பதாலேயே ஒருவர் குற்றப்பொறுப்பாளி ஆகமாட்டார் என்று வாட்ஸ்அப் குழு வழக்குகளில் மும்பை உயர் நீதிமன்றம் 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லின. ஆனால் பதிப்புரிமை மீறிப் பாடங்களைப் பகிர்ந்த டெலிகிராம் சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களைத் தரும்படி அதே 2022-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த கோப்புக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அதனால்தான் உரிமை தெளிவாகாத நூலை ஏற்றவே கூடாது என்கிறேன். கண்ணை மூடிக்கொண்டிருப்பது, வாழும் எழுத்தாளரின் சோற்றில் கை வைப்பதை அனுமதிப்பதாகும்.

சுதந்திரம் பற்றிய அச்சம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நூலைத் திட்டுவதையும் உங்கள் முடிவைத் திட்டுவதையும் நீக்கக் கூடாது. ஆளை வசைபாடுவதையும் விளம்பரத்தையும் மட்டும் நீக்குங்கள். ஒருவரே எல்லாம் பார்த்தால் இரண்டு மாதத்தில் சலித்துவிடுவார். மூன்று பேராவது வேண்டும். மூவரும் இருபடிச் சரிபார்ப்பு (போனுக்கு வரும் குறியீட்டோடு கடவுச்சொல்லும் கேட்பது) வைத்திருக்கட்டும், ஒரு நிர்வாகியின் கணக்கு களவுபோனால் சேனலையே குலைத்துவிட முடியும். கோப்பை மறுத்தால் காரணத்தை ஒரு வரியில் அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். டெலிகிராமின் நிர்வாகிப் பதிவேட்டில் நீக்கிய செய்திகள் 48 மணி நேரமே இருக்கும். எதை, யார், ஏன் நீக்கினார் என்று தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள், கேட்டவருக்குக் காட்டுங்கள்.