மயக்க மருந்தும் தூக்க மாத்திரையும் மூளையில் செய்வது ஒரே வேலையா?

“மயக்க மருந்து மூளையில் எப்படி வேலை செய்கிறது? தூக்க மாத்திரையும் அதுவும் ஒன்றா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கோ அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவர் இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பவர். அதை மருத்துவரிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டுக்குள் பேச்சு ஓடுகிறது. அப்படித்தான் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.

முதலிலேயே ஒன்று. நான் மருத்துவர் அல்ல. சேலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் ஆசிரியை. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மருத்துவம் பேசுகிறாள் என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். நான் யாருக்கும் மருந்து சொல்லவில்லை. ஏற்பி, அதாவது உடலின் வேதிப்பொருளோ மருந்தோ போய் ஒட்டும் செல்லின் புரதம், என்றால் என்ன என்று சொல்வது என் தொழில். என் அப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்வது என் கடமை.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவருக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. யாரோ ஒரு மருத்துவர் ஒரு மாதத்துக்கு என்று அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மாதம் ஆறு வருடமாயிற்று. சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான். “தூக்க மாத்திரை என்று வெளியே சொல்லாதே கண்ணு, மனநோய் என்பார்கள்” என்பார். நானும் சொன்னதில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது விலாவுக்குக் கீழே வலி தாங்காமல் சுருண்டுவிட்டார். பித்தப்பைக் கல். கோடை விழாக் கூட்டம் மலைப்பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் இறங்கி ஓடி ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டு வண்டிகளை நகர்த்தச் சொன்னான். ஒருவர் “இரண்டே நிமிடம்” என்றார். மலையில் இருப்பவர்களுக்கும் உடம்பு நோகும், பிரசவம் வரும், அவர்களுக்கும் இறங்க இந்தப் பாதைதான் என்பதை அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே ஒவ்வொரு வண்டியிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் இதை எங்கேயாவது எழுதியே ஆக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை மயக்க மருந்து மருத்துவர் வந்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார், பல் ஆடுகிறதா என்று பார்த்தார். பிறகு, “தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்” என்றேன். அவர் விடவில்லை, “தூக்கத்துக்கு ஏதாவது? மது?” என்று தனித்தனியாகக் கேட்டார். இல்லை என்றேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் இரவு இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்வை. போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகித் திருகி எதையோ எடுத்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தார். சிறுவயதில் பாட்டியோடு காப்பிப் பழம் பறித்த கை அது. காம்பு ஒடியாமல் பழத்தை மட்டும் திருகி எடுக்கும் பழக்கம் விரலில் அப்படியே இருந்தது. “கூடையை இந்தப் பக்கம் தள்ளு” என்றார். மே மாதத்தில் ஏது பழம்? என்னைப் பாட்டி பெயர் சொல்லி அழைத்தார். சலைன் ஊசியைப் பிடுங்கப் போனார். இரண்டு செவிலியர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்துக்கு அதே மயக்க மருந்து மருத்துவர் வந்தார். ஆக்சிஜன், சர்க்கரை, உப்பு எல்லாம் பார்த்துவிட்டு என்னை நடைக்கு அழைத்தார். “அம்மா, இவருக்கு மயக்கம் கொடுக்கும்போதே நான் நினைத்ததைவிடக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. இப்போதாவது சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அந்த இரவில் நடந்தது, நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரையும் படம்தான். ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், அடுத்ததைத் தூண்டுவதைப் போலவே அடக்கவும் செய்கிறது. அடக்கும் வேலையில் பெரும்பங்கு காபா என்னும் சின்ன வேதிப்பொருளுடையது. அது போய் ஒட்டுவது காபா-ஏ ஏற்பியில்: ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நின்று நடுவில் ஒரு துளை. காபா ஒட்டியதும் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே போகும், செல்லின் உட்புறத்தில் எதிர்மின் கூடும். பிறகு அந்தச் செல்லைத் தூண்டுவது எளிதல்ல.

புரொபோஃபோல் என்ற மயக்க மருந்தைப் பார்த்திருப்பீர்கள்; பால் போல வெள்ளையாக இருக்கும், ஏறும்போது இரத்தக்குழாய் எரியும். அது காபாவின் இடத்தைத் தொடுவதில்லை. செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில், பீட்டா என்ற துண்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, திறந்த துளை நெடுநேரம் திறந்திருக்கும்படி செய்கிறது. அளவு கூடினால் காபா இல்லாமலே துளையைத் திறந்துவிடும். அல்பிரசோலம் உட்காருவது ஆல்ஃபா, காமா துண்டுகளின் இடுக்கில். அது தானாகத் திறக்காது. காபா வந்தால் திறப்பதற்குத் துணை செய்யும், அவ்வளவுதான். ஆக, ஏற்பி ஒன்று, பிடிக்கும் இடம் வேறு, பலமும் வேறு. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆண்டுக்கணக்கில் மாத்திரை போட்டால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஏற்பிகள் முன்போல இணங்குவதில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடக்கும் கை தளர்ந்து, தூண்டும் கை மட்டும் ஓங்கி நிற்கும். அப்பாவுக்கு மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து மாத்திரை இல்லை. அறுவை அன்று கொடுத்த மயக்க மருந்து சில மணி நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டது, அதுவும் இறங்கியது. வலிப்பு வராமல் போனது எங்கள் நல்ல நேரம்.

எல்லா மயக்க மருந்தும் காபா வழியாகத்தான் என்று நான் சொல்லவில்லை. கெட்டமினும் நைட்ரஸ் ஆக்சைடும் முக்கியமாக வேறொரு ஏற்பியை, தூண்டும் பக்கத்து என்எம்டிஏ ஏற்பியை, மறிக்கின்றன. மயக்கத்தைத் தூக்கம் என்பதும் சரியல்ல. தூங்குகிறவர் தோளைத் தட்டினால் விழிப்பார்.

இவ்வளவும் தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1900 வாக்கில் மேயரும் ஓவர்டனும், ஆலிவ் எண்ணெயில் எந்த அளவு கரைகிறதோ அந்த அளவுக்கு மயக்க மருந்துக்கு வீரியம் என்று கண்டார்கள். அதனால் செல் சவ்வின் கொழுப்பில்தான் மருந்து வேலை செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1984-இல் ஃபிராங்க்ஸ், லீப் என்ற இருவர் மின்மினிப்பூச்சியின் ஒளி தரும் புரதத்தைத் தனியே எடுத்து, கொழுப்பே இல்லாத இடத்திலும் மயக்க மருந்துகள் அதே வீரிய வரிசையில் அதை அடக்குவதைக் காட்டினார்கள். ஏற்காட்டு மின்மினிகளைக் காட்டி என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடம் இது. பிறகு 2003-இல், பீட்டா-3 துண்டில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். புரொபோஃபோல் கொடுத்தும், பாதத்தைக் கிள்ளியபோது அவை காலை இழுத்துக்கொண்டன. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று! இதைச் சொல்லிச் சொல்லிப் பாடம் நடத்துகிறவள், கட்டிலருகே நின்று “இல்லை” என்றேன்.

அப்பாவுக்கு அல்பிரசோலம் வகை மருந்தையே அளந்து கொடுத்தார்கள். மறுநாள் மாலை என்னை என் பெயர் சொல்லி அழைத்தார். அதன்பின் ஐந்து மாதம், மாத்திரையைக் கால் காலாகக் குறைத்தார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. சொல்லப் பயந்துகொண்டு, அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் முன்பே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு வந்தது மாத்திரை சட்டென்று நின்றதால்தான். அட்டையை அப்படியே கையில் எடுத்துப்போய், எத்தனை வருடம், இரவு எத்தனை மணிக்கு, பாதியா முழுதா என்று மயக்க மருந்து மருத்துவரிடமே காட்டுங்கள். அன்று காலை போடலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்வார்.