ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

வணக்கம் அக்கா,

பிறையில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பதினேழு வருடமாக மோட்டார் சைக்கிளில்தான் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். மூன்று மாதமாகப் பாலத்தின் நடுவில் நெஞ்சு அடைக்கிறது. மூச்சு போதவில்லை, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, இந்த நிமிடமே செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. நான்கு தடவை அவசரப் பிரிவுக்குப் போய்விட்டேன். ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர், "மனஅழுத்தம்தான், நிம்மதியாக இருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் செய்வினை என்கிறார்கள். வேலையிடத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று சிரிக்கிறார்கள். இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டு திரிகிறேனா? அப்பா போன வருடம் காலமானார், நான்காம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன், மற்றபடி வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை.

க., பிறை

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு வலிக்கிறது. நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயும் இந்த ஒரு வார்த்தையை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை, அதனால் முதலில் எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் மாரடைப்பு வரவில்லை என்று பொருள். உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை.

நான் மருத்துவர் அல்ல. ஆனால் நீங்கள் விவரிப்பது மருத்துவர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்வதோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரீனலின் சுரக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகினால் நெஞ்சு வலிக்கும். இவ்வளவும் உடம்பில் நிஜமாக நடப்பவை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் 13.5 கிலோமீட்டர் பாலத்தில், ஒரு பக்கம் கடல், பின்னால் வரிசையாக வண்டிகள், ஓரம்கட்ட இடமில்லை என்னும்போது பத்து நிமிடம் எவ்வளவு நீளம்! ஒரு தடவை அங்கே வந்துவிட்டால் அடுத்த தடவை பாலம் கண்ணில் படும்போதே உடம்பு பயப்படத் தொடங்கிவிடும்.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தாளரான டிரெசரிடம் அனுப்புவார்கள். தலைவலி என்றால் மாத்திரை கிடைக்கும். துக்கம் என்று சொன்னால் என்ன கிடைக்கும்? என் தம்பி இரண்டு வயதில் இறந்த பிறகு அம்மாவுக்குத் தலைவலி வந்தது. முப்பது வருடம் இருந்தது. பழஞ்சேலைக் கிழிசலை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கோடாலித் தைலத்தைப் பொட்டில் தேய்த்துக்கொண்டுதான் சோறு வடிப்பார். எத்தனை முறை துவைத்தாலும் அவருடைய தலையணை உறையிலிருந்து அந்த வாசனை போகாது. தம்பியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. தைலம் வாங்கிக்கொடுத்தோமே தவிர, எதற்காக வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றும் என்னை அறுக்கிறது.

சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிவாள், வளை கழன்று விழும், மேனியில் பசலை என்னும் வெளிறல் படரும். தாய் பதறிப்போய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள், கழங்கு போட்டுக் குறி பார்ப்பாள், ஆடு பலியாகும். மகளின் மனத்தில் இருக்கும் காதல் மட்டும் பலருக்கும் தெரியாமலே போகும். தம்பி, கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கினால் என் மனமும் லேசாகிறது. ஆனால் கயிறு கட்டியதோடு விஷயம் முடிந்துவிட்டதாக வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம்தான். மனஅழுத்தம் என்று அவர் சொன்னது தவறில்லை. அதைச் சொல்லிவிட்டு வாசலைக் காட்டியது தவறு. மனம்தான் காரணம் என்றால் சிகிச்சை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அதேபோல, எல்லாவற்றையும் மனத்தின்மேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பு தாளம் தவறினாலும் இதே படபடப்பு வரும். இவற்றைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். சர்க்கரையையும் பாருங்கள். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் கூடுதலாக வருகிறது, மாரடைப்பு பெரிய வலி காட்டாமலும் வரலாம். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், உடம்பு குளிர்ந்து வியர்த்தால், "இது மனசுதான்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் கேலி எனக்குப் பொறுக்கவில்லை. 1911இல் திறந்த அந்த மருத்துவமனைக்கு இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பிய மனிதர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கி, எத்தனை பேரை டாக்டரிடம் போகவிடாமல் செய்துவிட்டோம்! நீங்கள் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்து அரசு சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, பாலத்தில் நடப்பதை அப்படியே சொல்லுங்கள். "தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா" என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். பேச்சுவழிச் சிகிச்சையில் பயப்படும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாலத்தைப் பற்றி, விரல் நுனியைப் பற்றி, ஈசிஜியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒரே வரி. அந்த வரியும் "மற்றபடி பிரச்சினை எதுவும் இல்லை" என்று முடிகிறது. பதினாறாம் நாள் கருமக்கிரியைகூட ஆவதற்கு முன்பே வேலையில் நின்றிருக்கிறீர்கள். அதுதான் இந்த வலிக்குக் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அந்த உரிமை எனக்கில்லை. ஆனால் அம்மாவிடம் கேட்கத் தவறியதை உங்களிடமாவது கேட்டுவிட வேண்டும்.

கிளினிக்குக்குப் போய்வந்ததும் எழுதுங்கள். அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்றுகூட நீங்கள் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா