மகப்பேறு விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்கு: கேள்வி பதில்

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். குழந்தைக்கு நான்கு மாதம். பாலைப் பீய்ச்சி வைத்தால் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?

வெளியே வைத்தால் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். உறைந்த பாலை ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருக்கினால் ஒரு நாளுக்குள் கொடுத்து முடியுங்கள். மறுபடி உறைய வைக்காதீர்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, பால் ஒரே சீராகச் சூடாகாது, குழந்தையின் வாய் வெந்துவிடும். குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே பின்புறமாகத் தள்ளி வையுங்கள், டப்பா மேல் தேதி எழுதுங்கள்.

இதெல்லாம் சரி. குழந்தை பாட்டிலில் குடிக்கப் பழகிவிட்டதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை அது. இன்றே தொடங்குங்கள். பாட்டிலை நீங்கள் கொடுக்காதீர்கள், வேறு யாராவது கொடுக்கட்டும். அம்மா மடியில் இருக்கும்போது எந்தக் குழந்தை பாட்டிலை வாங்கும்? முடிந்தால் திங்களுக்குப் பதில் புதனோ வியாழனோ சேரக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

எனக்கு இன்னும் எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கிறது? அவசரம்.

எந்த நாடு, என்ன வேலை, விடுப்பு எந்தத் தேதியில் தொடங்கியது, எதுவுமே எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. உங்கள் மனிதவளத் துறைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பால் எடுக்க ஒதுங்கும் நேரத்தை மதிய இடைவேளையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நியாயமா?

நியாயமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை (2000), தாய்ப்பால் கொடுப்பதற்கான இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் தரச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நிறுவன விதிகளையும் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று காலண்டரில் போட்டு வைத்துவிடுங்கள். மீட்டிங், மீட்டிங் என்று தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும், நாளடைவில் சுரப்பும் குறையும். கழிப்பறையில் நின்று எடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். கதவு தாழிடும் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட் கேளுங்கள். எழுத்தில்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வேலை டென்ஷனா?

இல்லை. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் பலருக்கும் கொட்டும், குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். கூடவே படபடப்பு, தாங்க முடியாத அசதி இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஐந்து வருடமாக எங்கள் பெரிய வாடிக்கையாளரை நான்தான் கவனித்து வந்தேன். விடுப்பு முடிந்து வந்ததும் மேலாளர், “கைக்குழந்தை இருக்கு, உனக்கு எதுக்கும்மா சிரமம்?” என்று அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அறிக்கை சரிபார்க்கும் வேலை. சம்பளம் குறையவில்லை. நல்ல மனிதர்தான். நான் வருத்தப்படுவது தப்பா?

இந்த “நல்ல மனிதர்தான்” எனக்கு வரும் கடிதங்களில் பாதியிலாவது இருக்கிறது. திட்டி அனுப்பினால் சண்டை போடலாம். அக்கறையோடு ஓரங்கட்டினால் என்ன செய்வது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். உங்களுக்கு எது சிரமம் என்று உங்களிடம் கேட்டார்களா? அதே அலுவலகத்தில் சமீபத்தில் அப்பாவான ஓர் ஆண் இருப்பாரே, அவருடைய வாடிக்கையாளரை யாராவது பிடுங்கினார்களா?

சம்பளம் குறையவில்லை என்பதில் ஏமாறாதீர்கள். அடி விழுவது அடுத்த வருடம். மதிப்பீட்டுக் கூட்டத்தில் இதே நல்ல மனிதர், “இந்த வருஷம் உன் கையில் பெரிய வேலை ஒன்றும் இல்லையே” என்பார். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. அந்த வேலையைக் கொடுக்காதது யார் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேலே சொன்ன உடன்படிக்கை, விடுப்பு முடிந்தவர் பழைய பதவிக்கோ அதே சம்பளமுள்ள இணையான பதவிக்கோ திரும்பும் உரிமையைச் சொல்கிறது. வாடிக்கையாளரைக் கையாண்டவருக்கு அறிக்கையில் எழுத்துப்பிழை பார்ப்பது எந்தக் கணக்கில் இணை?

விடுப்புக்கு முன் நீங்கள் செய்த பொறுப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள், இப்போது செய்வதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேசுங்கள். அழ வேண்டாம், மன்னிப்பு கேட்க வேண்டாம், குழந்தை ராத்திரி தூங்குகிறதா என்ற பேச்சுக்கே போக வேண்டாம். பேசிய அன்றே ஒரு மெயில்: “இன்று பேசியபடி, வேலைப்பளுவைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. என் பழைய பொறுப்பு எந்தத் தேதியில் எனக்குத் திரும்ப வரும் என்று தெரிவிக்கவும்.” அவ்வளவு போதும். “பார்க்கலாம்” என்று பதில் வந்தால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் கீழேயே மறுபடி கேளுங்கள், மனிதவளத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும்.

கொஞ்ச நாள் இலகுவான வேலை வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதுவரை என்ற தேதியோடு கேளுங்கள். தேதி போடாத சலுகை நிரந்தரமாகிவிடும். அதையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

குழந்தைக்கு ஆறு மாதம். தினமும் அழுகை வருகிறது, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. வேலையை விட்டுவிடட்டுமா?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிரசவமானதும் வரும் மனத்தளர்ச்சி இரண்டு வாரத்தில் தானாக விலகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது மாதங்கள் கழித்து வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள். ராஜினாமாவைப் பற்றி உடம்பு தேறிய பிறகு யோசிக்கலாம்.

ஒன்பது மாதக் குழந்தை நான் கிளம்பும்போது கதறுகிறான். தெரியாமல் நழுவிவிடலாமா?

வேண்டாம். எட்டு ஒன்பது மாதத்தில் இது பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும். முத்தம் கொடுத்து, சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள்.

இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடுகிறேன். பயோடேட்டாவில் எப்படி எழுதுவது?

ஒரே வரி: “குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி”, வருடங்களோடு. விளக்கம் வேண்டாம். பழைய அனுபவச் சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காப்பகத்தில் சேர்த்ததிலிருந்து மாதாமாதம் சளி, காய்ச்சல். ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் போன் வருகிறது. என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது.

முதல் வருடத்தில் எட்டு, பத்து தடவை சளி பிடிப்பது சகஜம், காப்பகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே கொடுத்த படிவத்தில் முதல் எண் யாருடையது? உங்களுடையதுதான் இருக்கும். நாளைக் காலை போனதும் அதை அடித்துவிட்டு அப்பாவின் எண்ணை முதலில் எழுதுங்கள். அவருக்கும் லீவு இருக்கிறதல்லவா?