பின்னக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறான். தப்பு என்றால், "மேலே மேலேயும் கூட்டினேன், கீழே கீழேயும் கூட்டினேன், அப்புறம் என்ன தப்பு?" என்று கேட்கிறான். எப்படிப் புரியவைப்பது?
(தாய் ஒருவர், கரூர்)

பதில்: விதியைச் சொல்வதற்கு முன்னால் விடையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தில் பாதி இரண்டரை. ஆகவே 2/5 என்பது அரையைவிடக் குறைவு. கையில் அரை இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், கடைசியில் அரைக்கும் குறைவாகிவிட்டது என்றால் அது நடக்கிற காரியமா? இதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டால் பாதிப் பலன்தான்.

அடுத்து, கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி எண்ணிக்கை இல்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு பெரிய துண்டு என்று அது சொல்கிறது. எத்தனை துண்டு என்று சொல்வது மேலே உள்ள தொகுதி. மூன்று காலும் இரண்டு காலும் சேர்ந்தால் ஐந்து கால், அதாவது ஒன்றேகால். அவன் வழியில் போனால் 3/4 + 2/4 = 5/8, அதாவது ஐந்து அரைக்கால். கூட்டியதால் கால் எல்லாம் அரைக்காலாகச் சுருங்கிவிடுமா என்று கேளுங்கள்.

பிறகு கட்டம் போட்ட நோட்டில் 12 கட்டம் நீளத்துக்கு ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். அதில் பாதி 6 கட்டம். மூன்றில் ஒன்று 4 கட்டம். இரண்டும் சேர்ந்து 10 கட்டம், அதாவது 10/12. சுருக்கினால் 5/6. பட்டையை 10 கட்டத்துக்கு வரைந்தால் மூன்றில் ஒன்று கட்டத்துக்குள் அடங்காது. அங்கேதான் பொதுப் பகுதி எதற்கு என்ற கேள்வி தானாகப் பிறக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். பெருக்கலில் மேலையும் கீழையும் தனித்தனியாகப் பெருக்குவது சரி. மதிப்பெண் கணக்கிலும் அப்படித்தான் செய்கிறோம்: ஒரு தேர்வில் 5-க்கு 3, இன்னொன்றில் 10-க்கு 4, மொத்தம் 15-க்கு 7. இது சரியான கணக்கு. ஆனால் இது 3/5 + 4/10 அல்ல, அதன் விடை 1. மதிப்பெண்ணில் முழுமையே 5-இலிருந்து 15-ஆக மாறிவிடுகிறது. பின்னக் கூட்டலில் முழுமை மாறுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குகிற இடம் இது, திட்டாதீர்கள்.

கேள்வி: பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கிவிட்டால் போதுமே, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு? எங்கள் பிள்ளைகள் மீ.சி.ம. கண்டுபிடிப்பதிலேயே பாதி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.
(டியூஷன் ஆசிரியை, விருத்தாசலம்)

பதில்: பெருக்கினாலும் விடை சரியாகவே வரும். 5/12 + 7/18 எடுத்துக்கொள்ளுங்கள். 12-ஐயும் 18-ஐயும் பெருக்கினால் 216. அப்போது 90/216 + 84/216 = 174/216. ஆறால் சுருக்கினால் 29/36. மீ.சி.ம. வழியில் 15/36 + 14/36 = 29/36. இரண்டும் ஒன்றே, ஆனால் முதல் வழியில் மூன்று இலக்க எண்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் இறக்கிவைக்க வேண்டும். தவறு பெரும்பாலும் அந்தச் சுருக்கலில்தான் நுழையும்.

நேரம் போகிறது என்றால் வழியை மாற்றுங்கள். இரண்டே பின்னம் என்றால் பெரிய பகுதியின் வாய்ப்பாட்டை மட்டும் சொல்லிக்கொண்டு போக வேண்டும்: 18, 36... எதை 12 மீதியின்றி வகுக்கிறதோ அங்கே நிறுத்து. 36-இல் முடிந்தது.

வகுத்தல் முறையே பழகியிருந்தால் அதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. 12, 18 இரண்டையும் 2-ஆல் வகுத்தால் 6, 9. மூன்றால் வகுத்தால் 2, 3. இனி இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை, நிறுத்திவிடலாம். அடியில் நிற்கும் 2, 3 இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். 12-க்குக் கீழே வந்த 2, 18-க்கான பெருக்கி. 18-க்குக் கீழே வந்த 3, 12-க்கான பெருக்கி. ஆக, மேலே 5 × 3 + 7 × 2 = 29, கீழே 36. "36-ஐ 12-ஆல் வகுத்தால் எத்தனை" என்று மறுபடி தேட வேண்டியதே இல்லை. பொதுக் காரணிகளால் மட்டும் வகுத்திருந்தால்தான் இது செல்லும். ஒன்றை மட்டும் வகுக்கும் எண்ணையும் இழுத்துவிட்டால் பெருக்கி மாறிப்போகும்.

விடைத்தாளில் அதிகம் கண்ணில் படும் தவறு வேறு. பகுதியை 36 ஆக்கிவிட்டு மேலே உள்ள 5-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள்: 5/36 + 7/36 = 12/36. ஐந்து பன்னிரண்டாவது துண்டுகளை ஐந்து முப்பத்தாறாவது துண்டுகளாக மாற்றினால் பொருள் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு பின்னத்துக்கும் பக்கத்தில் "× 3/3", "× 2/2" என்று வெளிப்படையாக எழுத வைத்தால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும். வேகம் வந்த பிறகு அந்த வரியை விட்டுவிடட்டும்.

பயிற்சி வரிசையும் முக்கியம். முதலில் ஒரே பகுதி உள்ளவை, பிறகு ஒன்று மற்றதன் மடங்காக இருப்பவை (1/4, 3/8 மாதிரி), அதன்பின் பொதுக் காரணி இல்லாதவை (2/3, 1/5), அதற்கும் பிறகுதான் 12, 18 போன்றவை. எடுத்த எடுப்பிலேயே கடைசி வகையைக் கொடுத்தால் பிள்ளை பின்னத்தோடு சண்டை போடுகிறதா, மீ.சி.ம.வோடு சண்டை போடுகிறதா என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: விடையைச் சுருக்க முடியுமா என்று பார்க்க எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?
(மாணவி, பண்ருட்டி)

பதில்: வேண்டாம். கொடுத்த பின்னங்கள் ஏற்கெனவே சுருக்கிய வடிவில் இருந்து, மீ.சி.ம. கொண்டு கூட்டியிருந்தால், இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 1/6 + 1/10 = 5/30 + 3/30 = 8/30. ஆறுக்கும் பத்துக்கும் பொதுவானது 2 மட்டுமே. இரண்டால் வகுபடுகிறது, 4/15. மூன்றையும் ஐந்தையும் தொடவே வேண்டாம். 1/3 + 1/4 போல பொதுக் காரணியே இல்லையென்றால் விடை 7/12 சுருங்கவே சுருங்காது. கழித்தலுக்கும் இதேதான்.

கேள்வி: கலப்பு பின்னக் கழித்தலில்தான் எப்போதும் மதிப்பெண் போகிறது. 5 1/4 − 2 2/3 என்ற கணக்கைப் படிப்படியாக விளக்கவும்.
(ஏழாம் வகுப்பு மாணவர், உத்தமபாளையம்)

பதில்: முதலில் பின்னப் பகுதிகளை ஒரே இனமாக்கு: 5 3/12 − 2 8/12. மூன்றிலிருந்து எட்டு போகாது. இங்கே இரண்டு விதமாக வழுக்கலாம்.

ஒன்று, எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 3 5/12 என்று எழுதிவிடுவது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற கை தானாக அப்படிப் போய்விடும். 2 2/3-உடன் 3 5/12-ஐக் கூட்டிப் பார், ஆறைத் தாண்டிவிடும்.

மற்றது இன்னும் நுட்பமானது. முழு எண் கழித்தலில் கடன் வாங்கினால் பத்து வருமல்லவா, அதே ஞாபகத்தில் மூன்றோடு பத்தைச் சேர்த்து 13/12 என்று எழுதுவது. இங்கே கடனாக வருவது ஒரு முழுமை. பன்னிரண்டாவது துண்டுகளில் ஒரு முழுமை என்றால் 12/12. ஆகவே 5 3/12 என்பது 4 15/12 ஆகும். 15-இல் 8 போனால் 7, 4-இல் 2 போனால் 2. விடை 2 7/12. பகுதி 7 என்றால் கடன் 7, பகுதி 24 என்றால் கடன் 24.

கடனே பிடிக்கவில்லையா? இரண்டு பக்கமும் 1/3-ஐக் கூட்டிவிடு. 2 2/3 என்பது முழு 3 ஆகும், 5 1/4 என்பது 5 7/12 ஆகும். 5 7/12 − 3 = 2 7/12. இரண்டோடும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. எங்கள் பார்வையில் இருப்பதிலேயே சுத்தமான வழி இதுதான், ஏனோ வகுப்பறையில் அதிகம் புழங்குவதில்லை.

தகா பின்னமாக (தொகுதி பகுதியைவிடப் பெரியது) மாற்றியும் செய்யலாம்: 21/4 − 8/3 = 63/12 − 32/12 = 31/12. சின்ன எண்களுக்கு நல்லது. ஆனால் 47 1/8 − 19 5/6 போன்ற கணக்கில் இந்த வழியைப் பிடித்தால் 1131/24 − 476/24 என்று வந்து நிற்கும். அங்கே கடன் வழியே மேல்: 46 27/24 − 19 20/24 = 27 7/24.

கேள்வி: 3 அடிப் பலகையில் 11 இன்ச் 5 நூல் அகலத்தில் மூன்று தட்டு எடுக்க முடியுமா? ரம்பம் தின்பதையும் சேர்த்துக் கணக்கு சொல்லுங்கள்.
(தச்சுத் தொழிலாளி, செங்கோட்டை)

பதில்: தாராளமாக வரும். உங்கள் தொழிலில் பொதுப் பகுதி தேட வேண்டிய தொல்லையே இல்லை. எல்லாமே நூலில் இருக்கிறது, 8 நூல் ஒரு இன்ச். 11-ஐ மூன்று மடங்காக்கினால் 33 இன்ச். 5 நூல் மூன்று மடங்கு 15 நூல், அதாவது 1 இன்ச் 7 நூல். மொத்தம் 34 இன்ச் 7 நூல். ரம்பம் ஒரு வெட்டுக்கு 1 நூல் தின்கிறது என்று வைத்தால், மிச்சத் துண்டைப் பிரிக்கும் வெட்டையும் சேர்த்து மூன்று வெட்டுக்கு 3 நூல். 34 இன்ச் 10 நூல், அதாவது 35 இன்ச் 2 நூல். 36-இலிருந்து கழித்தால் 6 நூல் மிச்சம். பலகையின் முனை நேராக இல்லையென்றால் முதலில் அதைச் சீவ ஒரு வெட்டு கூடுதலாகப் போகும், அப்போதும் இடம் இருக்கிறது.

போனில் கணக்குப் போடும்போது 11 இன்ச் 5 நூலை 11.5 என்று தட்டிவிடாதீர்கள். 11.5 என்பது 11 இன்ச் 4 நூல். 5 நூல் என்பது 5-ஐ 8-ஆல் வகுத்த 0.625. அந்த ஒரு நூல் பிசகு மூன்று தட்டில் 3 நூலாகிவிடும்.

கேள்வி: 5/6 − 3/4 + 1/8 கணக்கில் கூட்டல்தானே முதலில் வர வேண்டும்?
(போட்டித் தேர்வர், அரியலூர்)

பதில்: இல்லை. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சம உரிமை. இடமிருந்து வலமாகப் போக வேண்டும். 20/24 − 18/24 + 3/24 = 5/24. கூட்டலை முதலில் செய்தால் 20/24 − 21/24 = −1/24 என்று வரும். 1/8-ஐயும் சேர்த்துக் கழித்துவிட்டதன் விளைவு அது.

கேள்வி: 1/2 + 1/6 + 1/12 + 1/20 + 1/30 போன்ற தொடர்கள் தேர்வில் வருகின்றன. மீ.சி.ம. இல்லாமல் வழி உண்டா?
(போட்டித் தேர்வர், பரமக்குடி)

பதில்: உண்டு. பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள்: 1×2, 2×3, 3×4, 4×5, 5×6. அடுத்தடுத்த எண்களின் பெருக்கலாக இருந்தால் ஒவ்வொன்றையும் கழித்தலாக உடைக்கலாம். 1/6 = 1/2 − 1/3, 1/12 = 1/3 − 1/4. வரிசையாக எழுதினால் நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு 1 − 1/6 = 5/6 மட்டும் மிஞ்சும்.

1/3 + 1/15 + 1/35 வந்தால் உஷார். அவை 1×3, 3×5, 5×7, இடைவெளி 2. உடைக்கும்போது 1 − 1/3 = 2/3 என்று இரு மடங்கு வரும். ஆகவே கடைசியில் பாதியாக்க வேண்டும்: (1 − 1/7)-இல் பாதி 3/7. பாதியாக்க மறந்தவருக்கென்றே 6/7 என்று ஒரு விடையையும் வைத்திருப்பார்கள்.

கேள்வி: பழைய கணக்கேடுகளில் மா, காணி, முந்திரி என்று பார்க்கிறோம். அவற்றை எப்படிக் கூட்டினார்கள்?
(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், மன்னார்குடி)

பதில்: இவை பழைய தமிழ்ப் பின்னங்களின் பெயர்கள். முந்திரி என்பது 1/320. அதை அடியாக வைத்தால் மற்றவை எல்லாம் முழு எண்ணாகிவிடும். அரைக்காணி 2 முந்திரி, காணி 4, அரைமா 8, மா 16, வீசம் என்கிற மாகாணி 20, இருமா 32, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. மாவும் (1/20) காணியும் (1/80) சேர்ந்தால் 16 + 4 = 20 முந்திரி, அதுவே மாகாணி, 1/16. அரைக்காலையும் மாவையும் காணியையும் கூட்ட வேண்டுமா? 40 + 16 + 4 = 60 முந்திரி. அதாவது மூன்று வீசம், 3/16. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை (பழைய வாய்ப்பாட்டு நூல்) மனப்பாடம் செய்திருந்ததால், வகுத்துப் பார்க்காமலே இது வாயில் வந்தது.

320 என்பது ஐந்தை ஆறு முறை இரட்டித்தது. அதனால் பாதியாக்குவதும் ஐந்தாகப் பிரிப்பதும் சுலபம், மூன்றும் ஏழும் அடங்காது. 1/3 வேண்டுமென்றால் 106 முந்திரிக்கு மேல் இன்னும் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அதற்குத்தான் முந்திரியை மறுபடி 320 ஆக்கிய கீழ்முந்திரி (1/102400) இருக்கிறது. அதற்கும் கீழே, கீழ்முந்திரியில் 21-இல் ஒரு பங்கு இம்மி. 21 என்பது 3 × 7 என்பதால் அங்கே போனதும் மூன்றும் ஏழும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆகவே மூன்றில் ஒன்று என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. மூன்று மடங்காக்கிச் சரிபார்க்கலாம்: 21 இம்மி ஒரு கீழ்முந்திரியாகும், 639-உடன் அது சேர்ந்து 640 கீழ்முந்திரி, அதாவது 2 முந்திரி. 318-உடன் சேர்த்தால் 320.