முதலுதவிக்குப் போகிற சொந்த காரில் சிவப்பு-நீல விளக்கு வைக்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் வசிக்கிறேன். முதலுதவிப் பயிற்சி முடித்து, எங்கள் பகுதித் தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். விபத்து, மாரடைப்பு என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால் என் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நெரிசலில் வழி கிடைக்கட்டும் என்று ஜி.பி. ரோட்டில் சிவப்பு-நீல ஃபிளாஷர் ஒன்றை வாங்கி, முன் கிரில்லுக்குள் மாட்டியிருக்கிறேன். நியூயார்க்கில் இருக்கும் என் மச்சான், அங்கே தன்னார்வலர்கள் விளக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். இங்கே வைக்கலாமா?

பதில்: கூடாது. சேவைக்காக என்றாலும் கூடாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆம் விதிதான் இதைப் பற்றிப் பேசுகிறது (ஆம்புலன்ஸ் எண்ணும் அதுவே என்பது தற்செயல்). 2017 மே 1 முதல் அமைச்சர்கள், நீதிபதிகள் கார்களிலிருந்தே சுழல் விளக்கு இறங்கிவிட்டது. அதன் பிறகு சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு, பேரிடர் மேலாண்மைப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸுக்குத் தனி ஏற்பாடு உண்டு. தன்னார்வலரின் சொந்த கார் இந்த இரண்டிலும் வராது. சைரனுக்கும் இதே கதைதான். அது 119-ஆம் விதி.

அபராதம்? அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. சொந்த வண்டியில் 'பிரஸ்', 'போலீஸ்' என்று ஒட்டிக்கொள்ளும் வெறும் ஸ்டிக்கர் விஷயத்திலேயே 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கெடுபிடி காட்டியது நினைவிருக்கும். மின்னுகிற விளக்கைக் கண்டும் காணாமல் விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மச்சான் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் நீல விளக்கும், தன்னார்வ ஆம்புலன்ஸ் உறுப்பினர் பச்சை விளக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது "கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று கேட்கிற விளக்குதான். சிவப்பு சிக்னலைத் தாண்டவோ வேக வரம்பை மீறவோ அது உரிமை தராது. பிரிட்டனில் பதிவு பெற்ற மருத்துவர்கள் வைக்கும் பச்சை விளக்கும் அப்படித்தான்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டே யோசியுங்கள்: இந்த விளக்கால் நீங்கள் சீக்கிரம் போய்ச் சேருவீர்களா? மாலை ஏழு மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் 108 வண்டியே சைரனோடு நின்று நின்றுதான் நகர்கிறது. அதற்கு வழி விடாதவருக்கு 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. உங்கள் காருக்கு விலகிப் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கிரில்லுக்குள் மினுக்குவது முன்னால் போகிற ஆட்டோக்காரர் கண்ணில் பட்டாலும், கல்யாண வண்டி என்று நினைப்பாரோ என்னவோ.

ஆபத்து உங்கள் பக்கம்தான். விளக்கு எரிகிற தைரியத்தில் சந்திப்பில் கொஞ்சம் முன்னால் நுழைவோம். குறுக்கே வரும் பைக்காரர் தன் பச்சையை நம்பி வருவார். இடித்தால் அது 184-ஆம் பிரிவு, ஆபத்தான ஓட்டுதல். 'உதவப் போனேன்' என்பதற்காக அதே சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காப்பாற்றாது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியில் பிழை நேர்ந்தால்தான் அந்தப் பிரிவு பாதுகாப்பு. போகிற வழியில் ஓட்டிய விதத்துக்கு இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அந்த ஃபிளாஷரைப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

தன்னார்வலரின் பலம் வேகத்தில் இல்லை, பக்கத்தில் இருப்பதில் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு சிபிஆர் (மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. மேடவாக்கத்திலிருந்து நீங்கள் தாம்பரத்துக்கு விரைவதைவிட, இரண்டு தெரு தள்ளி இருப்பவர் நடந்தே போய் மார்பை அழுத்த ஆரம்பிப்பது மேல். குழுவில் தகவல் வந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். 108-ஐ யாராவது அழைத்தாயிற்றா என்பதையும் கேளுங்கள். 'வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள்' என்று எல்லோரும் இருந்துவிடுவது சகஜம்.

விளக்குக்குச் செலவழித்த மாதிரி ஒளிரும் ஜாக்கெட் ஒன்று வாங்குங்கள். ஜிஎஸ்டி சாலையில் இரவில் கீழே கிடப்பவர் பக்கத்தில் குனிந்திருக்கும்போது உங்களைக் கொல்லப்போவது பின்னால் வரும் லாரிதான். காரை அடிபட்டவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நிறுத்தி ஹசார்ட் விளக்கை (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குவது) போடுங்கள். காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தை இன்னும் ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஹசார்ட் விளக்கு, வண்டி நிற்கும்போது மட்டும். மழை வந்தால் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிற நம்மூர்ப் பழக்கம் வேண்டாம், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

விளக்கு கட்டாயம் வேண்டும் என்று குழு நினைத்தால் முறையான வழி இருக்கிறது. ஆம்புலன்ஸுகளுக்கான ஏஐஎஸ்-125 தரத்தில் 'ஏ' வகை என்பது நோயாளியை ஏற்றிப்போகாமல், இடத்துக்கே போய் முதலுதவி தரும் வண்டி. பைக்கும் அதில் அடங்கும். குழுவைப் பதிவு செய்து, அந்தத் தரத்தில் ஒரு வண்டி தயார் செய்து, ஆம்புலன்ஸாகவே ஆர்டிஓவில் பதியலாமா என்று விசாரியுங்கள். செலவும் அலைச்சலும் உண்டு, ஆனால் அது ஊரறிந்த வண்டியாக இருக்கும்.

இப்போது மாட்டியிருப்பதை இந்த வாரமே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்து வைத்தால் போதாது, பொருத்தியிருப்பதே கேள்வியாகும். பெரும்பாலும் ஹெட்லைட் ஒயரை உரித்து அதிலிருந்துதான் இணைப்பு கொடுத்திருப்பார்கள். நல்ல எலக்ட்ரீஷியனிடம் அந்த இடத்தையும் சரி செய்து, ஃபியூஸ் சரியான ஆம்பியரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.